மக்காச்சோளத்தின் வேரும் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா நகரில் நான் காலையில் நடக்கப் போகும் பூங்காவில், ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலைந்து பேராவது என்னை நிறுத்திப் பயிரைப் பற்றிக் கேட்பார்கள். மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெரம்பலூரிலோ விருதுநகரிலோ நிலத்தை விட்டுவிட்டு இங்கே வேலை பார்க்கிறவர்கள் ஒரு பக்கம். மொட்டை மாடியில் பை வைத்துப் பயிர் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம். மக்காச்சோளம் என்று பேச்சு வந்தால் எல்லோரும் தண்ணீரில்தான் தொடங்குகிறார்கள். பதில் சொல்லப் போனால் வேரில் போய் முடிகிறது. ஒரே பதிலைப் பலமுறை சொல்லியாகிவிட்டதால், அவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

மெரினாவில் சுட்டு விற்கிறார்களே, அந்தச் சோளமும் கோழித்தீவனச் சோளமும் ஒன்றுதானா?

இரண்டும் மக்காச்சோளம்தான். கடற்கரையில் பால் பிடித்த இளங்கதிரைச் சுடுகிறார்கள். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் போவது முற்றிக் காய்ந்த மணி. நம் பாட்டிமார் கூழ் காய்ச்சிய சோளம் வேறு பயிர். பெயர் ஒன்றாக இருப்பதால் சோளத்துக்குச் செய்ததை மக்காச்சோளத்துக்கும் செய்கிறார்கள். சோளம் வறட்சியில் தலையைத் தொங்கவிட்டுக் காத்திருந்து, மழை வந்ததும் எழுந்துவிடும். மக்காச்சோளத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. பூக்கும் நேரத்தில் பட்ட அடி அதற்கு ஆறாது.

புல் இனம் என்றால் சல்லிவேர்தானே? அதில் என்ன பெரிய வகை இருக்கிறது?

விதை முளைத்ததும் கீழே இறங்குவது முளைவேர். அதே விதையிலிருந்து பக்கவாட்டில் இன்னும் சில வேர்கள் கிளம்பும். முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குச் செடியைக் காப்பாற்றுவது இவைதான். அதற்குள் தண்டின் அடிக்கணுக்களிலிருந்து, மண்ணுக்குள்ளேயே, அடுக்கடுக்காகக் கணுவேர்கள் புறப்படும். ஆறாவது இலை விரியும்போது பொறுப்பு அவற்றின் கைக்கு வந்துவிடும். பிறகு தரைக்கு மேலே உள்ள கணுக்களிலிருந்து குடைக்கம்பிபோல் சாய்ந்து இறங்குகின்றனவே, அவை தாங்குவேர்கள்.

கணுவேர் ஒவ்வொன்றிலிருந்தும் பக்கவேர்கள் பிரியும். பக்கவேரின் நுனியை ஒட்டி வேர்த்தூவிகள் இருக்கும். மண்துகளைக் கட்டிப் பிடிப்பவை அவைதான். செடியைப் பிடுங்கி உதறிப் பார்க்கிறவர்கள் கண்ணில் இந்தப் பக்கவேர்களும் தூவிகளும் படுவதே இல்லை. அவை அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் தோண்டிப் பாருங்கள், பிடுங்கிப் பார்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

வேர் எவ்வளவு ஆழம் போகும்? ஒரு சாண் போகுமா?

தடையில்லாத ஆழமான மண்ணில் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜான் வீவர் என்ற தாவரவியலாளர் 1920-களில் வயலில் ஆளுயரக் குழி வெட்டி, மக்காச்சோள வேரை ஒவ்வொன்றாகத் தடம் பிடித்துப் படம் வரைந்தார். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இந்தப் பயிரை மேலோட்டமான வேர்ப் பயிர் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் செடி எடுத்துக்கொள்ளும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு மேலே உள்ள ஒரு மீட்டருக்குள்ளிருந்தே வருகிறது. நம் ஊர் வயல்களில் நான் பார்த்த குழிகள் பலவற்றில் வேர் ஒரு முழத்தோடு நின்றிருந்தது. அது பயிரின் குணத்தால் அல்ல, மண் விடவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? லாரி கணக்கில் சொல்லுங்கள் மேடம்.

சென்னைக்காரர் கேட்கும் கேள்வி! நடுத்தர வயதுடைய ரகத்துக்குப் பருவம் முழுவதும் 500 முதல் 800 மில்லிமீட்டர் வரை நீர் தேவை. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 4,050 லிட்டர். ஆகக் குறைந்த 500 மில்லிமீட்டர் என்று வைத்தாலே 20 லட்சம் லிட்டருக்கு மேல் போகிறது. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் அது 168 நடை. மழையும் மண்ணிலுள்ள ஈரமும் இந்தக் கணக்குக்குள் அடக்கம். எல்லாவற்றையும் கிணற்றிலிருந்தே இறைக்க வேண்டும் என்று பொருள் இல்லை.

விளையும் மணியின் எடைக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மக்காச்சோளம் விளைய 600 முதல் 1,250 லிட்டர் வரை செலவாகிறது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரே பயிர், ஒரே ஒரு கிலோ, தண்ணீர்ச் செலவோ இரட்டிப்பு. வானிலைக்கும் ரகத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஊற்றிய நீர் வேர் இருக்கும் இடத்தில் நின்றதா, வேரைத் தாண்டி இறங்கியதா, மேலேயே ஆவியானதா என்பதற்கும் பெரிய பங்கு உண்டு.

வேர் ஒரு அடி கூடுதலாக இறங்கினால் அப்படி என்ன லாபம் வந்துவிடும்?

நடுத்தரமான வண்டல் கலந்த மண் ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 140 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்காகப் பிடித்து வைத்திருக்கும். கனமான களிமண்ணில் 200 வரை போகும், மணலில் 60 அளவுதான். நடுத்தர மண்ணில் வேர் 30 சென்டிமீட்டர் கூட இறங்கினால் 42 மில்லிமீட்டர் கைக்கு எட்டுகிறது. ஏக்கருக்கு 1.7 லட்சம் லிட்டர், அதாவது 14 லாரி. அதில் பாதியைத்தான் செடி சிரமமில்லாமல் எடுக்கும் என்று குறைத்து வைத்தாலும் ஏழு லாரி.

பயிர் நன்றாக வளர்ந்த நிலையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் குடிக்கிறது என்று கொண்டால், அந்த ஏழு லாரி மூன்றரை நாளைக்கு வரும். மூன்றரை நாளா, இவ்வளவுதானா என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். மின்சாரம் இல்லாமல் மோட்டார் நின்றுபோன மூன்று நாட்கள் பூக்கும் நேரத்தில் வந்தால் அந்த மூன்றரை நாளின் விலை தெரியும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் செடி வாடாமல் இருக்குமே, அது நல்லதுதானே?

முளைப்பு முடிந்து செடி நிலைத்த பிறகு அது நல்ல பழக்கம் அல்ல. மேலே நாலு விரல் மண் மட்டும் தினம் நனைந்தால், பக்கவேர்கள் எல்லாம் அந்த நாலு விரலுக்குள் கூடிவிடும். அதே நாலு விரலைத்தான் வெயிலும் காய்ச்சுகிறது. ஊற்றியதில் கணிசமான பங்கு செடிக்குள் போகாமலேயே ஆவியாகும். இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதே முறை. எவ்வளவு இடைவெளி என்பதை மண்தான் சொல்லும். கரிசலில் பத்து நாள் தாங்கும் பயிர், பெசன்ட் நகர் மணலில் மூன்றாம் நாளே சுருளும்.

தண்ணீரைக் காயப் போட்டால் வேர் ஈரத்தைத் தேடி ஆழமாகப் போகும் என்று அப்பா சொல்கிறார். உண்மையா?

அப்பா சொல்வதில் பாதி சரி. வளர்ச்சிப் பருவத்தில் பாசனத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டால், செடி இலைக்குக் கொடுக்கும் உணவைக் குறைத்து வேருக்குக் கூடுதலாக அனுப்பும். அடிமண்ணில் ஈரம் இருந்தால் வேர் அங்கே இறங்கும். அந்தப் பருவத்தில் பயிர் ஓரளவு பொறுத்துக்கொள்ளவும் செய்யும்.

மீதிப் பாதி நம்மில் பலர் நம்பும் தவறு. வேர், இரண்டடி கீழே இருக்கும் ஈரத்தை மோப்பம் பிடித்துக் காய்ந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு போவதில்லை. தன் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரத்தைத்தான் அது உணர்கிறது. ஒரு வேரின் ஒரு பக்கம் ஈர மண்ணும் மறுபக்கம் காற்றும் பட்டால், ஈரப் பக்கத்தில் மட்டும் பக்கவேர் விடுகிறது. மக்காச்சோளத்திலும் நெல்லிலும் இதைக் காட்டிய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஆகவே அடிமண் முதலிலேயே நனைந்திருக்க வேண்டும். விதைப்பதற்கு முன் கிடைக்கும் நல்ல மழையை வயலுக்குள்ளேயே நிறுத்துவதும், முடிந்தால் விதைப்புக்கு முன்பே ஆழமாக ஒரு தண்ணீர் கட்டுவதும் இதற்குத்தான். அடிமண் காய்ந்து கிடக்கும்போது மேலே தண்ணீரை நிறுத்தினால் வேர் ஆழம் போகாது. செடி சாகும், அவ்வளவுதான்.

வேர் அடர்த்தியாக இருந்தால்தானே விளைச்சல் அதிகம்? அதிக வேர் விடும் ரகம் எது?

இந்தக் கேள்விக்கு நான் இல்லை என்று சொல்லும்போது நம்பாமல் பார்ப்பார்கள். வேர் இலவசம் இல்லை. இலை ஒரு நாளில் செய்யும் உணவில் பாதி வரைகூட மண்ணுக்கடியில் செலவாகலாம். வேரைக் கட்டுவதற்கு ஒரு செலவு, கட்டிய வேர் உயிரோடு மூச்சுவிட நாள்தோறும் ஒரு செலவு. மேல்மண்ணில் நெருக்கமாக நூறு வேர் விட்ட செடி, தன் வேரோடு தானே போட்டி போடுகிறது. அங்கே இருக்கும் நீர் ஐம்பது வேருக்கே முடிந்துவிடும். மீதி ஐம்பதுக்கும் சோறு போட வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் லிஞ்ச் குழுவினர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். 2013-ல் அவர் முன்வைத்த மாதிரிச் செடியின் வேர் செங்குத்தாக இறங்க வேண்டும், வளர்ப்புச் செலவு குறைவாக இருக்க வேண்டும், ஆழம் போக வேண்டும். கணுவேர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்த செடிகளும், பக்கவேர்கள் குறைவாகவும் நீளமாகவும் இருந்த செடிகளும் நீர்ப் பற்றாக்குறையில் ஆழமாக வேர்விட்டுக் கூடுதல் விளைச்சல் கொடுத்தன என்று அவர்கள் பின்னர் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின.

எனக்கு மிகவும் பிடித்தது வேருக்குள்ளேயே நடக்கும் சிக்கனம். மக்காச்சோள வேரின் புறணியில், அதாவது தோலுக்கு உட்புறம் உள்ள திசுவில், சில செல்கள் தாமாக மடிந்து, அந்த இடம் காற்றறையாகிவிடும். உயிருள்ள செல் குறைந்தால் மூச்சுச் செலவும் குறைகிறது. அந்த மிச்சத்தில் வேர் இன்னும் கீழே போகிறது. 2010-ல் இதே குழு வெளியிட்ட ஆய்வில், நீர்ப் பற்றாக்குறையில் காற்றறை மிகுந்த மரபுவழிச் செடிகள் காற்றறை குறைந்த நெருங்கிய உறவுச் செடிகளைவிட எட்டு மடங்கு விளைச்சல் தந்தன. தண்ணீர் போதுமான அளவு இருந்த இடத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஆழமான வேர்தான் எப்போதும் நல்லதா?

எப்போதும் அல்ல. தண்ணீரும், நீரில் கரைந்து கீழே இறங்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஆழத்தில் இருக்கும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அசையாது, மேல்மண்ணிலேயே கிடக்கும். மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் வேரெல்லாம் கீழே ஓடிவிட்டால் செடி ஊதா நிறமேறி நின்றுவிடும். இரண்டும் வேண்டும் என்றால் சில வேர் மேலே படர, சில வேர் கீழே இறங்க வேண்டும். செம்மண்ணுக்கடியில் ஒன்றரை அடியில் பாறை இருக்கும் நிலத்தில் ஆழமாக வேர்விடும் ரகத்தை நட்டு எந்தப் பயனும் இல்லை. அங்கே காய்ந்த இலைதழையால் போடும் மூடாக்கும், மேல்மண்ணில் மட்கும்தான் கைகொடுக்கும்.

புரட்டாசிப் பட்டத்தில் கரிசலில் மானாவாரியாக விதைக்கும் பெரம்பலூர்ப் பக்கத்துக்கு ஆழமான வேர் மிகப் பொருத்தம். பயிர் வளர்வது வடகிழக்குப் பருவமழையில்; மணி முற்றுவதோ மழை ஓய்ந்த மார்கழியில். அந்த நேரத்துச் சாப்பாடு முழுவதும் அடிமண்ணில் சேர்த்து வைத்ததுதான்.

கதிர் பெரிதாக வருகிறது, உரித்தால் மணி இல்லை. வேருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா அம்மா?

உண்டு. உச்சியில் உள்ள ஆண் பூ ஒரு வாரம் போல மகரந்தம் உதிர்க்கும். அதே நாட்களில் கதிர் நுனியில் பட்டு இழைகள் வெளியே வர வேண்டும். இழை ஒன்றுக்கு மணி ஒன்று. இழை நீள்வதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் ஆண் பூ தன் நேரத்துக்கு வந்துவிடும், இழை மட்டும் தாமதமாகும். இழை வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். ஒரு மே மாதம் என் வீட்டு மாடியில் இதையே பார்த்தேன். பன்னிரண்டு செடிகளில் கதிர் வந்தது. உரித்தபோது ஒவ்வொன்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல் விழுந்த வாய்போல் சில மணிகளே இருந்தன. பை சிறிது, வேர் பையைச் சுற்றிச் சுற்றி முட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்குள் தீர்ந்திருக்கிறது.

உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, வளர்ச்சிப் பருவத்தில் நீர் பத்து விழுக்காடு குறைந்தால் விளைச்சல் நாலு விழுக்காடு குறையும். பூக்கும்போது அதே பத்து குறைந்தால் இழப்பு பதினைந்து. வேர் கீழே இறங்குவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் நின்றுபோகிறது. பூக்கும் நாளில் வேர் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதுதான் செடியின் கையிருப்பு. அதன் பிறகு நாம் எதைச் செய்தாலும் அதைப் பெரிதாக்க முடியாது.

மண் விடவில்லை என்றீர்களே, அது என்ன?

ஒரே ஆழத்தில் ஆண்டுக்கணக்காக உழுதும், ஈரத்தில் டிராக்டர் ஓட்டியும், ரோட்டவேட்டரால் மேலே மட்டும் பொடியாக்கியும், கலப்பை தொடும் இடத்துக்குக் கீழே மண் ஒரு தட்டாக இறுகிவிடுகிறது. வேர் அங்கே வந்ததும் எல் வடிவத்தில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். மேலே பயிர் பச்சையாக இருக்கும். மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் மொத்த வயலும் ஒரே நாளில் சுருளும். கீழே தண்ணீர் இருக்கிறது, இடையில் கதவு மூடியிருக்கிறது.

அகல உழுவதைவிட ஆழ உழு என்ற பழமொழி இந்தத் தட்டைப் பார்த்தவர்கள் சொன்னதாகத்தான் எனக்குத் தோன்றும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட நிலங்களுக்கு உளிக்கலப்பையைப் பரிந்துரைக்கிறது. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு குறுக்கேயும் கீறி, எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் சேர்க்க வேண்டும். மண் காய்ந்திருக்கும்போது கீறினால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் கீறினால் வெண்ணெயில் கத்தி விட்டதுபோல் ஒரு கோடு மட்டுமே விழும், செலவு வீண். தட்டு இல்லாத நிலத்தில் உளிக்கலப்பை ஓட்டுவதும் வீண் செலவே. முதலில் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எப்படிப் பார்ப்பது என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

சொட்டுநீர் போட்டால் வேர் சோம்பேறியாகிவிடுமாமே?

வேருக்குச் சோம்பல் கிடையாது. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே அது இருக்கும். சொட்டுவானுக்கடியில் குமிழ்போல் நனையும் மண்ணில் வேர் கூடுகிறது. தண்ணீரும் உரமும் அங்கேயே வந்து சேர்வதால் சிறிய வேர்த்தொகுதியே போதுமானதாகிறது, விளைச்சலும் நன்றாக வருகிறது. ஆபத்து ஒன்றுதான். குழாய் அடைத்தாலோ மோட்டார் பழுதானாலோ அந்தச் செடிக்கு வேறு கையிருப்பு இல்லை. அதனால் தினம் பத்து நிமிடம் என்பதைவிட, நாள் விட்டு நாள் கூடுதல் நேரம் ஓட்டி, ஈரம் இரண்டடி வரை இறங்குகிறதா என்று அவ்வப்போது குத்திப் பார்க்கச் சொல்வேன்.

ஒரு சால் விட்டு ஒரு சாலில் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறார்கள். செடி பாதித் தாகத்தில் இருக்காதா?

இருக்கும், அதுதான் சூட்சுமம். சால் என்பது பயிர் வரிசைகளுக்கு நடுவே நீர் ஓடும் பள்ளம். வேரின் ஒரு பாதி காயும்போது அங்கிருந்து அப்சிசிக் அமிலம் என்ற சமிக்ஞை இலைக்குப் போகிறது. இலை தன் துளைகளைச் சற்றே மூடிக்கொள்கிறது. மறுபாதி நனைந்திருப்பதால் செடி வாடுவதில்லை. நீர் ஆவியாவது குறையும் அளவுக்கு உணவு செய்வது குறைவதில்லை. அடுத்த முறை காய்ந்த சாலில் பாய்ச்சி, நனைந்த சாலை விட்டுவிட வேண்டும். வடமேற்குச் சீனாவின் கான்சு மாகாணத்து மக்காச்சோள வயல்களில் இப்படிச் செய்து பாசன நீரைப் பாதி வரை குறைத்தும் விளைச்சல் கையைவிட்டுப் போகவில்லை என்ற ஆய்வு 2000-ல் வந்தது.

சால் மாற்றாமல் ஒரே சாலில் பாய்ச்சினால் காய்ந்த பக்கத்து வேர் செயலிழந்துவிடும். மணல் நிலத்தில் ஈரம் பக்கவாட்டில் பரவாது, அங்கே வேண்டாம். பூக்கும் இரண்டு மூன்று வாரங்களில் எங்குமே வேண்டாம். காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

வயலில் தண்ணீர் நிற்கிறது, செடியோ வாடுகிறது. இது எப்படி?

வேர் மூச்சுத் திணறுகிறது. நீரை உறிஞ்சும் வேலைக்கு வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய நீரில் அது தீர்ந்துவிடும். முன்பு சொன்ன காற்றறைகள் இங்கேயும் உதவிக்கு வரும். வேரில் எத்திலீன் என்ற வாயு சேர்ந்து அவற்றை உண்டாக்குகிறது. மேலேயிருந்து காற்று அவற்றின் வழியே இறங்குகிறது. ஆனால் மக்காச்சோளம் நெல் அல்ல. ஆறு இலைக்கு முந்தைய பருவத்தில் வளர்நுனியே மண்ணுக்கடியில் இருப்பதால் இரண்டு மூன்று நாள் தேக்கம் செடியையே முடித்துவிடும். ஐப்பசி அடைமழைக்கு முன் வடிகால் வெட்டிவிடுங்கள். தேக்கத்தில் தப்பிய செடிக்கு இன்னொரு கேடும் உண்டு. மேல்வேரோடு நின்றுபோனதால், மழை விட்ட பத்தாம் நாளே தண்ணீர் கேட்கும்.

தாங்குவேர் தண்ணீர் எடுக்குமா? மண் அணைப்பது எதற்கு?

மண்ணைத் தொட்டபின் எடுக்கும், ஆனால் முக்கிய வேலை தாங்குவதுதான். 2016 டிசம்பரில் வர்தா புயலன்று சென்னைத் தெருக்களில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, வேர் பற்ற இடமில்லாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. செடியின் அடியில் மண்ணைக் கூட்டி அணைத்தால் தாங்குவேர் சீக்கிரம் மண்ணுக்குள் போகும், சாலில் பாசனமும் சீராகும். விதைத்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்; பிந்தினால் மண்வெட்டி மேல்வேர்களை அறுக்கும்.

மெக்சிகோவின் வாஹாகா மலைப்பகுதியில் ஒரு நாட்டு ரகம் இருக்கிறது. அதன் தாங்குவேர்களில் கோந்துபோல் ஒரு திரவம் வடியும். அதில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. செடியின் நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடு வரை இப்படி வருவதாக 2018-ல் வெளியிட்டார்கள். நம் கடைகளில் கிடைக்கும் ஒட்டு ரகங்களில் அதைத் தேட வேண்டாம்.

கடையில் வேர் வளர்ச்சி மருந்து கொடுக்கிறார்கள். வாங்கலாமா அக்கா?

வேர் வளராததற்குக் காரணம் இறுகிய மண்ணாக இருந்தால் எந்தப் புட்டியும் அந்தத் தட்டை உடைக்காது. வேம் எனப்படும் வேர்ப்பூஞ்சை மணிச்சத்தை எடுத்துத் தருவதில் உண்மையாகவே உதவும். அதையும் மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டிய நிலத்தில் எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பணத்தை முதலில் தொழுவுரத்தில் போடுங்கள்.

எந்த ரகத்துக்கு ஆழமான வேர் என்று பாக்கெட்டில் போடுகிறார்களா?

நான் பார்த்த பாக்கெட்டுகளில் இல்லை. வயது, கதிர் அளவு, விளைச்சல் எல்லாம் அச்சிடுகிறார்கள், வேரைப் பற்றி ஒரு வரி இல்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. நெல்லில் வேரைக் குறிவைத்தே வேலை நடந்திருக்கிறது. நமக்கெல்லாம் தெரிந்த ஐ.ஆர். 64 நெல்லில், பிலிப்பைன்ஸ் மேட்டுநில ரகம் ஒன்றிலிருந்து டி.ஆர்.ஓ. 1 என்ற மரபணுவைச் சேர்த்தார்கள். வேரின் சாய்வு மாறி ஆழம் போனது, வறட்சியில் விளைச்சலும் கைகொடுத்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-ல் அதை வெளியிட்டார்கள். மக்காச்சோளத்தில் நாம் செய்யக்கூடியது, ஒரே வயலில் இரண்டு மூன்று ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் விதைத்து, பூக்கும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு செடியைத் தோண்டி ஒப்பிடுவது.

மாடியில் மக்காச்சோளம் வைத்தால் எவ்வளவு பெரிய பை வேண்டும்?

குறைந்தது ஒன்றரை அடி ஆழம் உள்ள பை, ஒரு பைக்கு ஒரு செடி. அப்போதும் அது ஒரு மீட்டர் மண் அல்ல என்பதை மறக்காதீர்கள். தேங்காய் நார்க்கழிவைச் சேர்ப்பதும், மேலே காய்ந்த இலையைப் பரப்புவதும் நீரை நிறுத்தும். சித்திரை, வைகாசியில் விதைக்காமல் தை மாதத்தில் விதைத்தால் பூக்கும் நாள் கத்தரி வெயிலுக்கு முன்னதாகவே வந்துவிடும். மகரந்தம் காற்றில் பரவுவதால் ஒரே வரிசையாக வைக்காமல், பன்னிரண்டு பதினாறு செடியைச் சதுரமாகச் சேர்த்து வையுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரத்தில் வெளியேறும் நீரை ஊற்றலாமா? வீணாகப் போகிறதே.

வீணாகப் போவது மனதை உறுத்தத்தான் செய்யும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டதைப் பார்த்த ஊர் இது. ஆனால் அந்த நீரில் உப்பு செறிந்திருக்கிறது. மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. நீரில் கரைந்த உப்பை அளக்கும், கையில் பேனாபோல் ஒரு டி.டி.எஸ். மீட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே, அதில் 700-ஐத் தாண்டினால் மக்காச்சோள விளைச்சல் குறையத் தொடங்கும். திருவான்மியூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளுக்கும் இதே சோதனைதான். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதோடு கலந்து, மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்றலாம்.

நிலம் குத்தகையில் இருக்கிறது, நான் சென்னையில் இருக்கிறேன். வேர் எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊருக்குப் போகும் ஒரு நாள் போதும். பயிருக்கு 50 அல்லது 55 நாள் ஆகியிருக்கும்போது, ஆண் பூ எட்டிப் பார்க்கும் சமயத்தில் போங்கள். குத்தகைக்காரரிடம் இரண்டு செடிக்கான விலையைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவருக்கு வயிறு எரியும், அது நியாயமும்கூட. செடிக்கு ஒரு சாண் தள்ளி, வரிசைக்குக் குறுக்காக மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லுங்கள். செடிப் பக்கத்துச் சுவரைக் கத்தி நுனியால் மெல்லச் சுரண்டி, கைத்தெளிப்பானால் தண்ணீர் அடித்தால் வெள்ளை வேர்கள் தெளியும்.

வேர் எந்த ஆழத்தில் மடங்குகிறது, மடங்கும் இடத்தில் மண் கத்திக்கு இளகுகிறதா, அதற்குக் கீழே பிடித்துப் பார்த்தால் ஈரம் இருக்கிறதா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வேர் மடங்கி, மண் இறுகி, கீழே ஈரமும் இருந்தால் அந்த நிலத்துக்கு உளிக்கலப்பை வேண்டும். வேர் நேராக இறங்கிக் காய்ந்த மண்ணில் நின்றிருந்தால் கலப்பையால் பயனில்லை, அடிமண் நனையவில்லை. ஈரக் களியில் வேர் பழுப்பாகி நாற்றமடித்தால் வடிகால் இல்லை. படம் எடுத்து வந்து காட்டுகிறவர்கள் குழிக்குள் ஒரு அளவுகோலை நிறுத்தி எடுத்து வாருங்கள். அது இல்லாத படத்தில் அரை அடியும் ஒன்றரை அடியும் ஒன்றுபோலவே தெரிகின்றன.